அறுபது மில்லிமீட்டர்

ஜூன் 3

தம்பிக்கு,

அக்காவாவது கடிதம் எழுதுவதாவது என்று முழிக்காதே. நீ போன் செய்தாலே அப்பா "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். இருப்பது ஒரே அறை. அவர் கட்டில், அதன் காலடியில் என் படுக்கை. நான் இப்போது சொல்லப்போவது அவர் காதில் விழக்கூடாது. நீயும் எழுதியே பதில் அனுப்பு. போன் வந்தால் எடுக்கமாட்டேன்.

அப்பா விழுந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை மதியம், மூன்று மணி வாக்கில். வலது இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். நேற்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உன்னிடம் உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. சொல்லியிருந்தால் நீ அங்கிருந்தபடியே டாக்டரிடம் இருபது கேள்வி கேட்டிருப்பாய், பதிலை நான் நின்றபடி கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நிற்கத் தெம்பில்லை.

எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். பக்கவாதம் வந்து ஒரு வருடமாக மூன்று வார்த்தைக்கு மேல் கோர்வையாகப் பேசாத மனிதர், அன்றைக்குத் தெளிவாகச் சொன்னார்: "தம்பி அனுப்புன கண்ணாடிய மாட்டிக்கிட்டு எக்சர்சைஸ் பண்ணிட்டிருந்தேன். தரை சாஞ்சுது. கால வெச்சேன், தரை அங்க இல்ல."

உன் கண்ணாடிதான். ஹெட்செட். தலையில் மாட்டினால் வேறு உலகம் தெரியும், இடமும் வலமும் பந்து வரும், அப்பா எட்டிப் பிடிக்கப் பிடிக்க பேலன்ஸ் திரும்பிவிடும் என்று பெருமையடித்தாயே, அது.

நான் பிப்ரவரியில் உன்னிடம் என்ன கேட்டேன், நினைவிருக்கிறதா? "ரெண்டு மாசம் வந்து இருடா, என்னால முடியல" என்றேன். நான் கேட்டது தம்பியை. வந்தது பார்சல்.

ஒன்றுதான் தெரிய வேண்டும். அதில் தரை சாயுமா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுது.

அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் சோதனை அறைக்குள் போன், பேப்பர் எதுவும் கொண்டுபோகக் கூடாது. வாசலில் லாக்கர் இருக்கிறது. உன் கடிதத்தை அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தேன். பிறகு உள்ளே போய் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

அப்பாவுக்கு வலி எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

தரை சாயுமா என்று கேட்டாய். ஒரு வரியில் சொல்ல முடியாது, கோபித்துக்கொள்ளாதே. ஹெட்செட்டின் வெளிப்பக்கம் நான்கு கேமராக்கள் இருக்கின்றன. அவை சுவரையும் தரையையும் பார்த்து, மாட்டியிருப்பவர் அறையில் எங்கே நிற்கிறார் என்று கணக்கிடும். உள்ளே கண்ணைப் பார்க்கும் சின்னக் கேமராக்கள் இரண்டு. இரண்டு லென்சுக்கும் நடுவில் ஒரு சென்சார், முகம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க. கடைசியாக ஒரு அரிசி அளவு சிப். எது மேல், எது கீழ் என்று சொல்வது அது. நம் காதுக்குள் பேலன்ஸுக்கு ஒன்று இருக்குமே, அதன் வேலை. அந்தச் சிப்பைச் சரிசெய்து, அதற்குப் பூஜ்ஜியம் வைப்பதுதான் என் வேலை. ஹெட்செட்டை ஒரு சுழல் மேடையில் பொருத்தி எட்டுத் திக்கிலும் திருப்புவோம். சுற்றிலும் சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் கட்டம்தான் தெரியும்.

இத்தனை பேர் காவல் இருக்கும்போது பொதுவாகத் தரை சாயாது. ஆனால் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். அன்றைக்கு ஜன்னல் திரை போட்டிருந்ததா? அறை இருட்டாக இருந்திருந்தால் கேமரா தடுமாறியிருக்கலாம்.

அந்த ஹெட்செட்டை எனக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? உள்ளே பதிவு இருக்கும். எந்தச் சென்சார் எந்த நேரத்தில் என்ன சொன்னது என்று பார்த்துவிடலாம்.

உன்
தம்பி

*

ஜூன் 16

ஐயா பொதுவாக அவர்களுக்கு,

ஆமாவா இல்லையா என்று கேட்டால் "பொதுவாகச் சாயாது", நான்கு கேமரா, ஒரு அரிசி, எட்டுத் திக்கு. கடைசியில் திரை போட்டிருந்தாயா என்று ஒரு கேள்வி. அதாவது தப்பு என்மேல். சொல்லத் தைரியமில்லாமல் ஜன்னலைக் காட்டுகிறாய்.

திரை போட்டிருந்தது. மதிய வெயில் நேராக அப்பா கண்ணில் அடிக்கும், அதனால் தினமும் போடுவேன். போதுமா? எழுதி வைத்துக்கொள்.

காலையில் எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு, எதிர்வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டுப் பல் டாக்டர் கிளினிக்குக்கு ஓடுகிறேன். அங்கே வரவேற்பு மேஜையில் ஒரு மணி வரைக்கும் சிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்பார். பிறகு அப்பாவும் நானும்தான். ராத்திரி மூன்று தடவை எழுப்புவார். ஒரு தடவை பாத்ரூமுக்கு, ஒரு தடவை தண்ணீருக்கு, ஒரு தடவை சும்மா. சும்மா எழுப்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இருக்கியா?" என்று கேட்பார். "எங்கப்பா போகப் போறேன், இருக்கேன்" என்பேன். அவர் தூங்கிவிடுவார். எனக்குத் தூக்கம் வராது.

விழுவதற்கு முன்னால் ஓரளவு நடந்துகொண்டிருந்தார். உனக்குத் தெரியாதே, நீ பார்க்கவில்லையே. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவரில்லையா, நான் பின்னால் நின்று "ரைட்" சொன்னால்தான் காலை எடுத்து வைப்பார். "ஹோல்டான்" என்றால் நிற்பார். எதிர்வீட்டு அக்கா முதல் நாள் ரைட் சொல்லத் தெரியாமல் "வாங்க, நடங்க" என்று கால் மணி நேரம் கெஞ்சியிருக்கிறார். வண்டி நகரவே இல்லை. நான் வந்து சொன்னதும் கிளம்பியது. சிரித்தோம். மூன்று பேரும் சிரித்தோம்.

இப்போது ரைட் சொன்னாலும் எழுந்திருப்பதில்லை. பிசியோ வந்து பார்த்துவிட்டு, இந்த ஆறு வாரத்தில் நிற்க வைக்காவிட்டால் பிறகு நிற்கவே மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் நிற்கலாமாம். இரண்டு பேருக்கு நான் எங்கே போவேன்?

பெட்டியை அனுப்பமாட்டேன். அனுப்பி என்ன ஆகப்போகிறது? உடைந்த எலும்பு கூடிவிடுமா? அதில் அப்படி என்னென்னதான் எழுதி வைத்திருக்கும்? யார் மாட்டினார்கள், என்ன செய்தார்கள் என்றெல்லாமா? அப்படியிருந்தால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

அக்கா

*

ஜூன் 24

அக்காவுக்கு,

நீ திட்டியது சரிதான். ஜன்னலைக் காட்டினேன். நான் சொல்லவேண்டியது வேறு. நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அது கடையில் விற்கும் ஹெட்செட் இல்லை. எங்கள் அறையில் ஒரு ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அலமாரி இருக்கிறது. சோதனையில் தேறாதவை எல்லாம் அங்கே போகும். அங்கிருந்துதான் கேட்டு வாங்கினேன். மேற்பார்வை மேடம், "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தானே? நீயே சரி பண்ணிக்கோ" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சரி பண்ணத் தெரிந்தவன்தானே நான், நாள் முழுக்க அதைத்தானே செய்கிறேன் என்று எடுத்து வந்தேன்.

அந்த அரிசிச் சிப் இருக்கிறதே, அதற்குச் சூடு ஆகாது. குளிர்ந்திருக்கும்போது ஒன்று சொல்லும், சூடேறினால் இன்னொன்று சொல்லும். அதனால் ஹெட்செட்டை ஓடவிட்டு, நாற்பது நிமிடம் காத்திருந்து, சூடு நிலைத்த பிறகுதான் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். இது எங்கள் அறையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் எல்லோரும் பத்து நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். "மேஜை மேல பார்த்தா சரியாத்தானே இருக்கு" என்பார்கள். மேஜை மேல் சரியாகத்தான் இருக்கும். நான் அப்படிச் செய்ததில்லை. சின்ன வயதில் ஒரு இட்லியை ஒரு மணி நேரம் தின்கிறேன் என்று எனக்கு நத்தை என்று பெயர் வைத்தது நீதானே. இங்கேயும் அந்தப் பெயர்தான், யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

நத்தை ஒரே ஒரு நாள் அவசரப்பட்டது. பார்சல் ஆபீஸ் மூட அரை மணி இருந்தது. பத்து நிமிடத்தில் பூஜ்ஜியம் வைத்து, பெட்டியில் போட்டு ஓடினேன். அன்றைக்கு அனுப்பாவிட்டால் மறுநாள் நீ போன் செய்து "வாடா" என்பாய். அதற்குள் "அனுப்பிட்டேன்க்கா" என்று சொல்லிவிட வேண்டும். இதுதான் அவசரம். வேறொன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வந்தபோது இரண்டே நாளில் கிளம்பினேனே, லீவு கிடைக்கவில்லை என்றேன். லீவு இருந்தது. அப்பா வாயோரம் கஞ்சி வழிந்தது, துடைக்கப் போனேன், கை நடுங்கியது. அவர் என் முகத்தையே பார்த்தார். என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம். சாய்ந்திருக்கலாம்.

மேடத்திடமும் சொல்லிவிட்டேன். பத்து நிமிடப் பழக்கம் எல்லோருக்கும் இருப்பதால், கடைக்குப் போனவையும் இப்படியே இருக்கலாம். அதைச் சோதிக்கக் கெட்டுப்போன ஒன்று கையில் வேண்டும். வேலை போனால் போகட்டும். பெட்டியை அனுப்பு அக்கா.

நத்தை

*

ஜூலை 2

நத்தைக்கு,

அனுப்பிவிட்டேன். அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே. முன்பக்கம் ஒரு கீறல் இருக்கும். அது விழுந்தபோது ஆனது.

உன் கடிதத்தைப் படித்து உன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விடும் என்று நினைத்திருப்பாய். போகவில்லை. வேறு மாதிரி ஆகிவிட்டது.

அனுப்பாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கிணற்றில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு ஒரு கிணறு தேட வேண்டும், யார் தேடுவது. ஆனால் வேலை போனால் போகட்டும் என்று எழுதியிருக்கிறாயே.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதைப் பார்த்த பிறகு எதுவாக இருந்தாலும் எனக்கு முதலில் எழுது. உன் மேடத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்.

அப்பா இன்னும் நிற்கவில்லை. பிசியோ சொன்னதில் நான்கு வாரம்தான் பாக்கி.

அக்கா

*

ஜூலை 11

அக்காவுக்கு,

பார்த்துவிட்டேன். நீ சொன்னபடி உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. அப்பா தூங்கும்போது படி.

முதலில் என் தப்பு. சுழல் மேடையில் வைத்து நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். தரை அரை டிகிரி சாய்கிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஐந்து மீட்டர் அறையில் அது மூன்று விரல் உயரம். நடக்கத் தெரிந்தவர்கள் சமாளித்துவிடுவார்கள். பக்கவாதம் வந்தவர் சமாளிக்கமாட்டார். என்றைக்காவது ஒரு நாள் அப்பாவை அது தள்ளிவிட்டிருக்கும். இதை எந்த ஜன்னலையும் காட்டி மறைக்க முடியாது.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அது அப்பா தலையில் இல்லை.

அக்கா, கடையில் விற்கும் ஹெட்செட் இதையெல்லாம் சேர்த்து வைக்காது. இது சோதனைக்கான ஒன்று, முழுப் பதிவும் திறந்திருந்தது. அனுப்பும் அவசரத்தில் அதையும் அணைக்க மறந்திருக்கிறேன். தெரியாமலே உன்னை வேவு பார்த்திருக்கிறேன். அதற்கும் மன்னித்துவிடு.

உள்ளே இருக்கும் கேமராக்கள் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கும். லென்சை அதற்கேற்ப நகர்த்த வேண்டுமே. ஆளுக்கு ஆள் அது மாறும். காலையில் பந்து பிடித்தவருக்கு அறுபத்தேழு மில்லிமீட்டர். அது அப்பா. மதியம் இரண்டு நாற்பதுக்கு மாட்டியவருக்கு அறுபது. எங்கள் அறையில் பழகுவதற்கு நான் என் கண்ணைத்தான் முதலில் அளந்தேன். எனக்கும் அறுபது. அம்மா கண்தான் நம் இரண்டு பேருக்கும் என்று சித்தி சொல்வாரே, அது நிஜம்தான் போலிருக்கிறது.

அந்த அறுபதுக்காரர் எந்த விளையாட்டையும் திறக்கவில்லை. கடற்கரை, மலை, பந்து ஒன்றும் வேண்டாம். மாட்டினதும் ஒரு காலி அறை தெரியுமே, அதிலேயே உட்கார்ந்திருக்கிறார். தலை உயரம் தரையிலிருந்து எண்பது சென்டிமீட்டர், அதாவது கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருக்கிறார். இரண்டு நிமிடத்தில் கண் மூடிவிடுகிறது. பிறகு இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம், கண் திறப்பதே இல்லை. அறுபது நாளில் நாற்பத்தோரு நாள் இப்படி.

அந்தச் செவ்வாயன்று இருபத்து மூன்று நிமிடம். மூன்று ஐந்துக்குத் தலை சட்டென்று நிமிர்ந்திருக்கிறது. அடுத்த நொடி முகம் இல்லை. அதற்கடுத்த நொடி ஹெட்செட் தரையில் மோதியிருக்கிறது. அந்தக் கீறல் அப்பா விழுந்ததில் ஆனது இல்லை. நீ கழற்றி வீசியதில் ஆனது.

இதை யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். சாய்வுக் கணக்கை மட்டும் மேடத்திடம் கொடுத்தேன், அவருக்கு அது போதும். மற்றதை அழித்துவிட்டேன்.

கோபமில்லை அக்கா. சத்தியமாக இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாற்பத்தோரு நாளும் அந்த இருபது நிமிடம்தானா? மற்ற நேரத்தில் நீ எப்போதுதான் தூங்குகிறாய்?

நத்தை

*

ஜூலை 19

தம்பி,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் படித்தேன். மேஜைக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் பல்வலியில் முனகிக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குமாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார். வலிக்காது, போங்க என்றேன்.

ஆமாம், நான்தான்.

முதல் தடவை சும்மா என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று மாட்டினேன். அப்பா வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை. ஏதோ முக்கியமான வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல என்று எண்ணினேன். கண்ணை மூடினேன். நான் சும்மா கண்ணை மூடிப் படுத்தால் கூப்பிடுவார், அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் கூப்பிடமாட்டார். அப்புறம் யார் விடுவார்கள்? அதன் இறுக்கமும், அந்த லேசான சூடும், எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்தச் சூட்டில்தான் தரை சாயும் என்று நீ எழுதியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் பார்.

கொஞ்ச நாளில் அப்பாவே சொல்ல ஆரம்பித்தார். சாப்பிட்டு முடிந்ததும் வலது கையால் அதைக் காட்டி, "போய் விளையாடு" என்பார். எனக்கு வயது நாற்பத்து நான்கு. விளையாடப் போவேன்.

அன்றைக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டுக் கழற்றி எறிந்தேன். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் கிடந்தார். "கூப்பிட்டிருக்கலாமேப்பா, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சும்மா நின்றேன்.

அப்புறம் அதையே உனக்கும் எழுதினேன். முதலில் பயம். எழுத எழுத அது நிஜமாகவே உன் தப்புதான் என்று தோன்றிவிட்டது. நீ அனுப்பாமல் இருந்திருந்தால், நீ வந்திருந்தால் என்று அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் நான் தப்பித்துவிடுவேன். நான்கு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். நீ உன் தப்பை எழுதிய பிறகு அதுவும் முடியாமல் போய்விட்டது.

நேற்று அவரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமாப்பா, நான் அதுல விளையாடலன்னு?"

அவர் சிரித்தார். ஒரு பக்கம்தான் சிரிக்க வரும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "கொறட்டை விட்டுக்கிட்டு எவ விளையாடுவா?"

முதல் நாளே தெரியுமாம். விழுந்த அன்றைக்குப் பாத்ரூம் அவசரம். எழுப்ப மனமில்லாமல் தனக்குத்தானே ரைட் சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறார். "பத்தடிதானேன்னு பார்த்தேன்" என்றார். "நீ நல்லாத் தூங்கிட்டிருந்த."

அவ்வளவுதான். உன்னை வா என்று இனிமேல் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்துவிட்டது. பெட்டி வேண்டாம், நீயே வைத்துக்கொள். சட்டையை மட்டும் அனுப்பு, அவர் தேடுகிறார்.

அக்கா

*

ஜூலை 25

அக்காவுக்கு,

மூவாயிரம் ஹெட்செட்டைத் திரும்ப வாங்கப் போகிறார்கள். எங்கள் அறையை மூடிவிட்டு எல்லோருக்கும் முதல் நாள் பாடத்தை மறுபடி நடத்துகிறார்கள். மேடம் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. "மூணு மாசம் சம்பளமில்லாம வீட்டுக்குப் போ. அப்புறம் வந்தா பார்க்கலாம்" என்றார். திட்டுகிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு வண்டி வந்து சேரும். வீட்டுக்கு வர இரண்டரை ஆகலாம். சட்டையைக் கையோடு கொண்டுவருகிறேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். துடைக்க, துணி மாற்ற, மாத்திரை, எல்லாவற்றையும் எழுதி வை. கை நடுங்கும். நடுங்கினாலும் செய்துவிடுவேன். பிசியோ சொன்ன இரண்டு பேரில் நான் ஒரு ஆள்.

ரைட் எப்படிச் சொல்ல வேண்டும்? சத்தமாகவா, காதருகிலா?

நத்தை

*

சனிக்கிழமை, இரண்டு மணி
(கதவில் ஒட்டிய தாள்)

தம்பி,

கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை. மெதுவாகத் திற, கீல் கத்தும். காலிங் பெல்லை அடிக்காதே.

அப்பாவுக்குச் சாப்பாடு ஆயிற்று. மூன்று மணிக்கு நீல டப்பாவில் இருக்கும் வெள்ளை மாத்திரை ஒன்று, பொடி செய்து தேனில் குழைத்துக் கொடு. தண்ணீர் கேட்டால் ஸ்பூனில், மடக்கு மடக்காகக் கொடுத்தால் புரையேறும். வாயோரம் வழிந்தால் துடைத்துவிடு. முகத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும். அவர் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறார். சட்டையை முதலில் அவர் கையில் கொடுத்துவிடு.

நான்கு மணிக்கு பிசியோ வருவார். நீ இடது பக்கம் பிடி, அந்தப் பக்கம்தான் பலமில்லை. ரைட் காதருகில் சொல்ல வேண்டாம், பிடித்தபடியே கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று சத்தமாகச் சொல். காலையில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவனுக்கு ரைட் சொல்ல வருமா?" என்று கேட்டார். காலையிலிருந்து இரண்டு தடவை தானாகவே காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

உனக்குச் சோறு மூடி வைத்திருக்கிறேன். ஆறியிருக்கும், சூடு பண்ணிக்கொள்.

நான் எதிர்வீட்டு அக்காவின் அறையில் படுத்திருக்கிறேன். அவர் ஊரில் இல்லை, சாவி கொடுத்துவிட்டுப் போனார். பிசியோ வந்ததும் என்னை எழுப்பு, இரண்டு பேரும் பிடித்து நிற்க வைக்கலாம்.

வேண்டாம். பிசியோ ஒரு ஆள், நீ ஒரு ஆள், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. எழுப்பாதே.